நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் ஒரு பெரியவர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. அந்த மூலையில் இருப்பவர்களும் வாருங்கள், ஃபான் காற்று எல்லாருக்கும் படட்டும். படம் பிடிக்கும் ஒரு மனிதரின் கதை சொல்லப்போகிறேன். தொடக்கத்தில் பேய்க்கதை போல இருக்கும். பயப்பட வேண்டாம், இதில் வருகிற பெரியவர் நல்லவர்.

கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட பெத்லகேம் ஸ்ரூடியோ வைத்திருப்பவர் கிறிஸ்துநாயகம். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் புட்டும் மீன்குழம்பும் குழைத்து முதல் வாயை வைக்கும் நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"தம்பி கிறிஸ்து, நான் ரொறன்ரோவிலை இருந்து கதைக்கிறன். பிரதீபாவின்ரை மாமி."

"சொல்லுங்கோ அக்கா. கலியாணப் படங்கள் எல்லாம் வந்ததே?"

"ஓம், ராத்திரியே வந்திட்டுது. நல்ல வடிவாய்க் கிடக்கு. ஒரு விஷயம் கேட்கத்தான் எடுத்தனான். மாப்பிளைக்குப் பின்னாலை வெள்ளை மீசையோடை ஒரு பெரியவர் நிக்கிறார். அவர் ஆர்?"

கலியாணத்துக்கு நானூறு பேர் வந்திருந்தார்கள். எல்லாரையும் யார் நினைவில் வைத்திருப்பது?

"மாப்பிளை பகுதி ஆக்களாய் இருக்கும் அக்கா."

"அப்பிடியோ. பாவம், நல்ல முகம். ஆனால் தம்பி, எல்லாப் படத்திலையும் நிக்கிறாரே."

"சில பேர் அப்பிடித்தான். கமராவைக் கண்டால் விலகமாட்டினம்."

"பொம்பிளை கூறை உடுத்து வாற படத்திலையும் நிக்கிறார். காரிலை ஏறுற படத்திலை காருக்குள்ளை இருக்கிறார். கேக் வெட்டுற படத்திலை கேக்குக்கு உள்ளையே நிக்கிறார், தம்பி."

புட்டு தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. இது சிட்னியிலிருந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா.

"இஞ்சை பாரும், பொம்பிளை பகுதியிலை ஆரோ ஒரு கிழவர் எங்கடை அண்ணையை மறைச்சுக்கொண்டு நிக்கிறார். வயசு போனாலும் சபையிலை ஒரு முறை வேணும். மணவறையிலை ஐயரின்ரை மடியிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு."

கிறிஸ்துநாயகம் கையைக் கழுவாமலே கடைக்குள் ஓடினார். அவருடைய கொம்பியூட்டர்த் திரை எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் கண் கூசுகிறது என்று குறைத்து வைத்திருப்பார். அன்று முழு வெளிச்சத்தையும் திறந்துவிட்டார்.

பிரதீபா குனிந்திருக்கிறாள். கஜீபன் தாலி கட்டுகிறான். அந்த இரண்டு பேருக்கும் மேலே, சாம்பிராணிப் புகை போல, ஊடுதெரிய ஒரு முகம். வெள்ளை மீசை. நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. இலேசான புன்னகை.

"ஐயோ ஆண்டவரே" என்று கதிரையில் தொப்பென்று இருந்தார். "நமசிவாயம்."

நமசிவாயம் காலமாகி ஒன்றரை மாதம்.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அயல் ஊரில் புதிதாகத் திறந்த ஒரு ஸ்ரூடியோ, கிறிஸ்துநாயகம் எடுத்த படங்களைத் தன் படங்கள் என்று சொல்லி விளம்பரப் பலகையில் போட்டிருந்தது. தான் படம் பிடித்த மணப்பெண் வேறொருவரின் பலகையில் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போன மனிதருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு படத்தின் மேலும் ஸ்ரூடியோவின் பெயரைக் கண்ணாடி போல ஊடுதெரியப் பதித்துத்தான் அனுப்புவேன் என்று முடிவெடுத்தார். வோட்டர்மார்க் என்பார்களே, அதுதான். படமும் கெடாது, களவும் போகாது.

யூடியூப் பார்த்து அவர் அதை முன்னமே பழகியிருந்தார். நமசிவாயத்தின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் கொடுத்த நினைவுப் புத்தகத்தை, எங்கள் ஊரில் கல்வெட்டு என்போமே, அவர்தான் செய்தார். தேவாரப் பக்கங்களின் பின்னால் பெரியவரின் முகத்தை மங்கலாகப் போட்டிருந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அந்தப் புகழோடு கலியாணப் படங்களுக்கு வந்தார். ஸ்ரூடியோவின் பெயரைத் தட்டி எழுதினார். ஆனால் போன தரம் பதித்த முகத்தை எடுத்துவிடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கொம்பியூட்டர் நன்றி மறக்காத சாதனம். கடைசியாகச் செய்ததை அப்படியே வைத்திருந்தது. எல்லாப் படத்துக்கும் போடவா என்று கேட்டது. போடு என்றார்.

மங்கல் திரையில் ஏதோ நிழல் மாதிரித்தான் தெரிந்தது. நல்ல வோட்டர்மார்க் கண்ணை உறுத்தக்கூடாது என்று யூடியூப்காரரும் சொல்லியிருந்தார். கிறிஸ்துநாயகம் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லி நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் குடும்பத்தாரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார்.

மனைவி ஜெயந்தினி கடையின் பின்பக்கம் படங்களுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தா. சுத்தியலோடு வந்து திரையைப் பார்த்தா.

"செத்த மனிசனைக் கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறியள்."

"நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. அவர் வோட்டர்மார்க்கிலை வந்திட்டார்."

"சரி, முதல் எடுத்த படங்களை எடுத்துத் திருப்பிச் செய்யுங்கோ."

அவர் மவுசை மேசையில் அங்கும் இங்கும் நகர்த்தினார்.

"இஞ்சருங்கோ. முதல் எடுத்தது எங்கை?"

"பழையதுக்கு மேலை எழுதவோ எண்டு கேட்டது. மரியாதையாய்க் கேட்டது. நானும் ஓம் எண்டன்."

"கமராவிலை இருக்கிற மெமரி காட்?"

"அதை முந்தாநாள் ஞானஸ்நானம் எடுக்கவெண்டு அழிச்சிட்டன். அதுக்கு மேலை இப்ப குழந்தை அழுதுகொண்டு கிடக்கு."

ஜெயந்தினி சுத்தியலை மெதுவாக மேசையில் வைத்தா. அது கையில் இருப்பது நல்லதில்லை என்று நினைத்திருப்பா.

படங்கள் அல்பத்துக்கு மட்டும் என்றால், வணங்கி மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். ஆனால் கஜீபன் பனி கொட்டும் நாடு ஒன்றில் வேலை செய்பவன். எழுத்து என்று நாங்கள் சொல்லும் பதிவு போன வருஷமே முடிந்திருந்தது; இப்போது பத்து நாள் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். பிரதீபா அவனிடம் போவதற்கான விசா நேர்முகம் வருகிற புதன்கிழமை கொழும்பில், அந்த நாட்டுத் தூதரகத்தில். கலியாணப் படங்கள் முப்பது அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. கலியாணம் உண்மையா, தாளில் மட்டும் செய்த கலியாணமா என்று படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பிரதீபாவின் வீட்டு ஒழுங்கையிலேயே, அந்தச் சின்னத் தெருவில், ஒரு பிள்ளையின் பைல் சந்தேகம் என்று திரும்பி வந்து மூன்று வருஷம். கழுத்தில் தாலியும் கையில் போனுமாகத் தாய் வீட்டில் இருக்கிறாள்.

பிரதீபாவும் அப்படி இருந்துவிட்டால்? கிறிஸ்துநாயகம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"மறைப்பம்" என்றார். "முகத்துக்கு மேலை ஸ்ரூடியோப் பேரைத் தடிப்பாய்ப் போட்டால் தெரியாது."

போட்டார். பெத்லகேம் ஸ்ரூடியோ, கொடிகாமம் என்று கொட்டை எழுத்தில். அதன் கீழே போன் நம்பர். எழுத்துகளின் இடைவெளிகளுக்குள்ளால் நமசிவாயம் யன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்பவர் போல எட்டிப் பார்த்தார். போன் நம்பர் பிரதீபாவின் நெற்றியில் பொட்டு இருக்கவேண்டிய இடத்தில் போய் இருந்தது.

மாதிரிக்கு ஐந்து படத்தை அனுப்பிப் பார்த்தார். சிட்னிப் பெரியப்பா ஐந்தே நிமிஷத்தில் எடுத்தார்.

"ஏன் ஐசே, அந்தக் கிழவருக்கு மேலை பேர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்? அப்ப எதையோ ஒளிக்கிறீர். ஆர் அந்த மனிசன்? பொம்பிளை பகுதியை இண்டைக்கே கேட்கப்போறன்."

"கேட்காதையுங்கோ ஐயா. நான் திருத்தித் தாறன்."

"கிழவரைத் திருத்துறது உம்மாலை ஏலாது. அந்த வயசுக்குப் பிறகு ஒருத்தரும் திருந்தமாட்டினம்."

மறுநாள் சனிக்கிழமை, படத்தில் வேண்டாத ஆட்களை ஒரே தட்டலில் அகற்றும் ஒரு ஆப் இருக்கிறது என்று அறிந்து, அதைப் போனில் இறக்கினார். தாலி கட்டும் படத்தைக் கொடுத்தார். ஆப் கொஞ்ச நேரம் சுற்றியது. யோசிக்கிறது என்று மரியாதையோடு காத்திருந்தார்.

அது யோசித்து, மாப்பிள்ளையை அகற்றிவிட்டது. தாலிக்கொடி அந்தரத்தில் நின்றது. பிரதீபா வெட்கத்தோடு வெறும் காற்றுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நமசிவாயம் அப்படியே சிரித்தார்.

இரண்டாவது படத்தில் நமசிவாயம் போய்விட்டார். மீசை மட்டும் போகவில்லை. அது பிரதீபாவின் தாய் உதயகலாவுக்கு வந்துவிட்டது.

மூன்றாவது படத்தில் ஆப்புக்கு என்ன தோன்றியதோ, புகையாக இருந்த பெரியவரைத் துடைத்துத் துலக்கி, நிறம் கொடுத்து, பத்து வயதும் குறைத்து, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு நிறுத்திவிட்டது.

ஜெயந்தினி மூன்றையும் பார்த்தா.

"உதைக் கொண்டுபோனால் பிரதீபாவை அந்த நாட்டுக்கு விடமாட்டினம். உங்களை இந்த நாட்டிலையும் வெளியிலை விடமாட்டினம்."

"பின்னை என்ன செய்யிறது, ஜெயந்தி?"

"போய்ச் சொல்லுங்கோ."

"இன்னும் ஒரு வழி இருக்கு."

அந்த வழி இதுதான். கலியாணத்துக்கு வந்த எல்லார் கையிலும் போன் இருந்ததே. எடுத்த படங்கள் இருந்தால் தாருங்கள் என்று எல்லாருக்கும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் அறுபத்தேழு படம் வந்திருந்தது. ஆவலோடு திறந்தார்.

அறுபத்தேழிலும் அவருடைய முதுகு.

தாலி கட்டும்போது முதுகு. அறுகரிசி போட்டு வாழ்த்தும்போது முதுகு. கேக் வெட்டும்போது முதுகும் ஒரு முழங்கையும். நல்ல இடமாகப் பார்த்து முன்னுக்குப் போய் நின்று, முப்பது வருஷப் பழக்கத்தில் ஒருவருக்கும் வழிவிடாமல் படம் பிடித்தவர் அவர்தானே.

"உங்கடை நீலச் சேட்டு நல்லாய் வந்திருக்கு" என்றா ஜெயந்தினி. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து இருந்தா. "பயப்படாதையுங்கோ. உண்மையைச் சொன்னால் பாரம் பாதியாகும். நாளைக்குக் காலமை நானும் வாறன்."

"வேண்டாம். பிழை நான் விட்டது. நானே போறன்."

திங்கள் காலை மோட்டார் சைக்கிளில் மீசாலைக்கு, பிரதீபாவின் வீட்டுக்குப் போனார். உதயகலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அது ஆறி ஆடை படரும் வரைக்கும் கிறிஸ்துநாயகம் எல்லாவற்றையும் சொன்னார். வோட்டர்மார்க், கல்வெட்டு, காட், ஆப், முதுகு, ஒன்றையும் விடவில்லை. உதயகலாவுக்கு மீசை வந்ததை மட்டும் விட்டுவிட்டார்.

படங்களில் நிற்பவர் யார் என்று மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

உதயகலாதான் முதலில் வாயைத் திறந்தா. "அண்ணை, இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. மணவறைக்காரரைக் கூப்பிடுவம். கூறை அலுமாரியிலை இருக்கு. திருப்பி எடுப்பம்."

"மாப்பிளை?"

"நீங்கள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. உங்கடை முதுகு எல்லாருக்கும் பழக்கம்தானே."

"அம்மா" என்றாள் பிரதீபா. "இப்ப கிடக்கிறது உண்மைக் கலியாணம், அதிலை ஒரு பிழை இருக்கு. நீங்கள் சொல்லுறதைச் செய்தால் பிழை இருக்காது, ஆனால் அதுதான் பொய்க் கலியாணம்."

உதயகலா வாயை மூடிக்கொண்டா. பிள்ளை சொல்வது சரி என்று அவவுக்கும் தெரியும்.

"உள்ள படத்தையே கொண்டுபோறன், மாமா. இவர் ஆர், எப்பிடி வந்தவர் எண்டு நான் சொல்லுறன். இங்கிலீசிலை சொல்லிப் பழகுறன். அவர் செத்தவர் எண்டதுக்கு மட்டும் ஏதும் அத்தாட்சி வேணும்."

கிறிஸ்துநாயகம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "என்னோடை உங்களுக்குக் கோவம் இல்லையோ, தங்கச்சி?"

உதயகலா சுவரைப் பார்த்தா. அங்கே அவவின் கணவர் சுதாகரனின் படம், மாலையோடு. போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது அந்த வீட்டில் கூரையும் இல்லை, அல்பமும் இல்லை. பிறகு சுதாகரனும் இல்லாமல் போனார். பிள்ளைக்குத் தகப்பனின் முகத்தைக் காட்ட ஒரு துண்டுப் படம் இல்லை. அந்த நாளில் கிறிஸ்துநாயகம், தான் சைக்கிளில் கட்டி ஊர் ஊராகக் கொண்டு திரிந்த நெகட்டிவ் பெட்டியைத் திறந்து, ஒரு கிழமை தேடி, அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படத்தைக் கண்டுபிடித்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஒரு நாள் வந்து வாசலில் நின்றார். யாரும் கேட்கவில்லை. தானாகச் செய்தார்.

"அண்டைக்கு நாங்கள் கேட்காமல் எங்கடை வீட்டுக்கு ஒரு முகத்தைக் கொண்டுவந்தியள்" என்றா உதயகலா. "இண்டைக்குக் கேட்காமல் இன்னொரு முகத்தையும் கொண்டுவந்திட்டியள். கோவிச்சால் எனக்குத்தான் பாவம். தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை போட்டுத் தாறன்."

அந்த இரண்டாவது தேத்தண்ணியைக் கிறிஸ்துநாயகம் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மூன்று பேருமாக நமசிவாயத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய மனைவி சின்னாச்சி முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தா. கிறிஸ்துநாயகம் இங்கேயும் முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்து, ஏச்சு விழும் என்று காத்திருந்தார். செத்து ஒன்றரை மாதமான கணவரை முன்பின் தெரியாத கலியாணத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தப் பெண்தான் ஏசாமல் இருப்பா?

சின்னாச்சி ஏசவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா. தாலி கட்டுகிற படத்தில் நின்றுவிட்டா.

"எங்கடை கலியாணம் எழுத்தோடை முடிஞ்சது, தம்பி. ஷெல்லடிக் காலம். மணவறையும் இல்லை, மேளமும் இல்லை, படமும் இல்லை. கடைசி மட்டும் மனிசனுக்கு அது ஒரு குறை." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. "இப்ப மணவறைக்கு நடுவிலை நிக்கிறார்."

படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தா.

"பாயாசம் வைச்சவையே?" என்று உதயகலாவிடம் கேட்டா.

"ஓம் அக்கா. சவ்வரிசிப் பாயாசம்."

"அப்ப அவர் தானாய்த்தான் வந்திருப்பார். தம்பியிலை பிழை இல்லை."

மரணச் சான்றிதழையும், பாஸ்போட் அளவில் ஒரு படத்தையும் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தா. திருப்பி ஒன்றே ஒன்று கேட்டா. அந்த மணவறைப் படத்தில் தனக்கும் ஒன்று. கிறிஸ்துநாயகம் கடைக்கு ஓடி, அச்சிட்டு, ஜெயந்தினியைக் கொண்டு தேக்குச் சட்டம் அடிப்பித்து, மத்தியானத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்.

அடுத்த வேலை, தாள்களை உறுதிப்படுத்திக் கொடுக்கும் சமாதான நீதவான். இளைப்பாறிய தலைமை ஆசிரியர். எதையும் வடிவாக விளங்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"என்ன உறுதிப்படுத்தவேணும்?"

"இந்தப் படங்களிலை இருக்கிற பெரியவர் கலியாணத்துக்கு வரேல்லை எண்டு, சேர்."

"படத்திலை நிக்கிறார். வரேல்லை எண்டு எழுதச் சொல்லுறீர். ஏன் வரேல்லை?"

"செத்துப்போனார், சேர்."

"எப்ப?"

"கலியாணத்துக்கு நாற்பது நாளுக்கு முன்னம்."

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப வராததுக்குத் தகுந்த காரணம்தான்."

சுத்தமான தமிழில் எழுதினார். "இப்படங்களில் காணப்படும் அமரர் நமசிவாயம் அவர்கள் மேற்படி திருமணத்துக்குச் சமுகமளிக்கவில்லை என்பதையும், சமுகமளிக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்." மேல் மூலையில் நமசிவாயத்தின் படத்தை ஒட்டினார். வட்ட முத்திரையை, பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ, ஓங்கிக் குத்தினார். மரணச் சான்றிதழின் பிரதியைப் பின்னால் இணைத்து அதிலும் குத்தினார். மனுஷன் ஒரு சதமும் வாங்கவில்லை. "பிள்ளை நல்லாய்ப் போய்ச் சேரட்டும்" என்றார்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தால் வியாழக்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். நேர்முகம் புதன். கடிதமும் சான்றிதழும் தமிழிலேயே போகட்டும், வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று பிரதீபா துணிந்துவிட்டாள்.

செவ்வாய் காலை ரயிலில் மூன்று பேரும் ஏறினார்கள். வரவேண்டாம் என்று சொல்லியும் கிறிஸ்துநாயகம் கேட்கவில்லை. கிளிநொச்சி தாண்டியதும் பிரதீபா ஆங்கிலத்தில் சொல்லிப் பழகத் தொடங்கினாள். அம்மணி, இந்தப் பெரியவர் இறந்துவிட்டார். அம்மணி, இவர் எங்கள் உறவினர் இல்லை. அம்மணி, இவர் தவறுதலாக வந்தவர். அநுராதபுரத்துக்குப் பிறகு எதிரே இருந்த சிங்கள அம்மா ஒருவர் இரக்கப்பட்டு, இந்தப் பிள்ளைக்கு யார் செத்தது என்று சைகையால் கேட்டா. கிறிஸ்துநாயகம் அந்த அம்மா கொடுத்த கொய்யாப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

புதன் காலை ஒன்பது மணிக்குப் பிரதீபா பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூதரகத்துக்குள் போனாள். மற்ற இரண்டு பேரையும் காவலாளி வெளியில் நிறுத்திவிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாகை மரத்தின் நிழலில் நின்றார்கள். கிறிஸ்துநாயகம் கர்த்தரிடம் கேட்டார். உதயகலா பிள்ளையாரிடம் கேட்டா. கொஞ்ச நேரம் போக, "அண்ணை, நமசிவாய ஐயாவிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லிவைப்பமோ?" என்றா.

"நான் முதலே சொல்லிப்போட்டன்" என்றார் அவர்.

பத்தானது. பதினொன்றானது. உள்ளே போனவர்களில் சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சிலர் தாளை மடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்கள். ஒரு பெண் படியில் இருந்து அழுதாள். உதயகலா கிறிஸ்துநாயகத்தின் குடையை வாங்கி, விரிக்காமல், முறுக்கிக்கொண்டே நின்றா.

பதினொன்றரைக்குப் பிரதீபா வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோட்டைக் கடந்து, மரத்தடிக்கு வந்து, தாயின் கையைப் பிடித்தாள்.

"சரி வந்திட்டுது, அம்மா. அடுத்த மாதமே போகலாமாம்."

உதயகலா குடையோடு பிள்ளையைக் கட்டிப்பிடித்தா. கிறிஸ்துநாயகம் மரத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. தெருவால் போன எல்லாரையும் பார்த்துத் தலை அசைத்தார். காவலாளிக்குக் கும்பிடு போட்டார். சின்னாச்சிக்குப் போன் எடுத்து, "அக்கா, பிள்ளை போகப்போறாள், உங்களுக்குப் புண்ணியம்" என்றார். ஜெயந்தினிக்கு எடுத்து, போனைப் பிரதீபாவிடம் கொடுத்தார்.

எல்லாம் அடங்கிய பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது.

"பிள்ளை, அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டவையே? செத்தவர் எண்டு சொன்னனியே?"

"ரெண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டன், மாமா. அந்த வெள்ளைக்கார அம்மா கையைக் காட்டி நிப்பாட்டிப்போட்டா. முப்பது படத்தையும் ஒண்டொண்டாய் யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தா. பிறகு நீதவானின்ரை கடிதத்திலை ஒட்டிக் கிடந்த முகத்தையும் முத்திரையையும் பக்கத்திலை வைச்சு ஒத்துப் பார்த்தா. பார்த்திட்டு எழும்பி எனக்குக் கை தந்தா."

"கை தந்து?"

"'உங்கடை பகுதியிலை இருந்து வந்த கலியாணங்களுக்குள்ளை, ஒரு பெரிய அதிகாரி படத்துக்குப் படம் தன்ரை முகத்தையே முத்திரையாய்ப் பதிச்சு உறுதிப்படுத்தினது உங்கடை ஒண்டுதான், இனி வாற ஆக்கள் எல்லாரையும் முதலிலை இவரைப் போய்ச் சந்திச்சிட்டு வரச் சொல்லுங்கோ' எண்டவ."

எழும்புங்கள், என் செல்வங்களே, நேரமாகிறது. உங்கள் வீட்டு நல்ல காரியங்களுக்கு நீங்கள் அழைத்தவர்கள் எல்லாரும் வரட்டும், அழைக்க மறந்த நல்லவர்களும் வந்து நிற்கட்டும். உங்கள் பிள்ளைகள் போகிற ஊரில் எல்லாம் கதவு திறந்திருக்கட்டும்.